ஆஸ்கர் மீனின் நெற்றிக்குழி: ஆறு மாத வைத்தியக் கணக்கு

போன ஞாயிறு எடுத்த படத்தில், என் ஆஸ்கர் மீன் குண்டனின் வலது கண்ணுக்கு மேலே இருந்த குழி மூடியிருக்கிறது. அந்த இடத்தில் வெளிறிய தழும்பு ஒன்று மட்டும் தெரிகிறது. மார்ச்சில் தொடங்கியது, இப்போது செப்டம்பர். நடுவில் நான் செய்த தவறுகள் நிறைய. ஆஸ்கர் வளர்க்கிற யாருக்காவது பயன்படும் என்று, நோட்டில் தேதி போட்டுக் குறித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குண்டன் ஒரு டைகர் ஆஸ்கர். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் கட்டைவிரல் நீளத்தில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய குட்டி. இன்று மூக்கு நுனியிலிருந்து வால் வரை பத்து அங்குலம். பெயர் வைத்தது மகள். நாலடிக்கு ஒன்றரை, உயரமும் ஒன்றரை அடி இருக்கிற தொட்டியில் தனியாக இருக்கிறான். நான் காலையில் ஹால் விளக்கைப் போட்டதும் கண்ணாடியின் இடது மூலைக்கு வந்து நிற்பான். சாப்பாட்டு டப்பா அந்தப் பக்க அலமாரியில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

மார்ச் இரண்டாம் வாரம் அவன் மூலைக்கு வரவில்லை. உருண்டைத் தீனியைப் போட்டால் வாயில் வாங்கி, இரண்டு தரம் மென்று, துப்பினான். மூன்றாம் நாள் வாங்கவே இல்லை. உடம்பு கறுத்துவிட்டது. ஆரஞ்சு வரிகள் மங்கி, அடித்தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். ஆஸ்கர் கோபித்துக்கொண்டாலும் இப்படிப் படுக்கும். தொட்டியில் ஒரு கல்லை இடம் மாற்றினால்கூட அரை நாள் படுப்பான். அதனால் முதல் வாரத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் பின்னால் நூல் மாதிரி வெள்ளையாக, அரை அடி நீளத்துக்கு மலம் தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது நெற்றியில் ஊசி குத்தியது போல நாலைந்து புள்ளிகள், வலது கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் குழி. குழிக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது.

கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "உப்பு போடுங்க தம்பி, சரியாயிடும்" என்றார். கல்லுப்பை எடை போட்டு, லிட்டருக்கு மூன்று கிராம் கணக்கில் 630 கிராம், இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது யோசித்தால், நோய் குடலுக்குள் இருக்கிறபோது தண்ணீரில் போடுகிற உப்பு அங்கே என்ன செய்துவிடும்?

அடுத்த வாரம் திரும்பப் போனேன். 120 ரூபாய்க்கு ஒரு நீல மருந்து பாட்டில் கொடுத்தார்கள். மூடி அளவு பார்த்து ஊற்றினேன். தொட்டி முழுக்க மை கொட்டியது போல ஆனது. கண்ணாடி ஒட்டியிருக்கிற சிலிகான் இன்றைக்கும் நீலமாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் மூடியின் அடியிலேயே நின்று மூச்சு வாங்கினான். செவுள் திறந்து மூடுவதை எண்ணினேன்: நிமிடத்துக்குத் தொண்ணூறு. நல்லா இருக்கும்போது நான் எண்ணியது ஐம்பதுக்குள். மீன் கழிவிலிருந்து வருகிற நஞ்சான அம்மோனியாவைப் பரிசோதித்தால் 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மி.கி. நாலு வருடமாக அந்தத் தொட்டியில் அம்மோனியா பூஜ்யத்தைத் தாண்டியதில்லை. ஃபில்டருக்குள் கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர்களை அந்த மருந்து பாதித்திருக்க வேண்டும். அன்று இரவே பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாளும் பாதி. நீலம் போகவில்லை என்று வெளி ஃபில்டரின் மூன்றாவது தட்டில் அரைக் கிலோ கரி போட்ட பையை வைத்தேன். அந்தக் கரிப்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மூச்சு சீரானது. சாப்பாடு மட்டும் இல்லை. பதினெட்டு நாள் பட்டினி. ஆஸ்கருக்குப் பதினெட்டு நாள் பட்டினி உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரியும். ஆனால் நெற்றிக்குப் பின்னால் முதுகு மெலிந்து, மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தினமும் தொட்டிப் பக்கம் வந்து, "இன்னைக்கு சாப்பிட்டானாப்பா?" என்று கேட்பாள்.

இனி ஊகத்தில் எதையும் ஊற்றக் கூடாது என்று முடிவெடுத்தேன். எங்கள் தெருமுனையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மனிதர்களுக்கு மலம் பரிசோதிப்பது அவருக்கு அன்றாட வேலை. கேட்டேன். "கொண்டா தம்பி, பாத்துடலாம். ஆனா சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு வரணும், லேட்டானா எல்லாம் செத்துடும்" என்றார். மீன் மலத்துக்கு ஏது சூடு, ஆனால் சொன்னது சரி. கீழே விழுந்து கிடக்கிற பழையது உதவாது. சனிக்கிழமை காலை ஆறரையிலிருந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு நூல் தொங்கியது. ஏர் டியூபை வாயால் மெல்ல உறிஞ்சி, அந்த நூலின் நுனியைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து ஒரு சின்ன டப்பாவில் பிடித்தேன். டியூபில் பாதி தூரத்துக்கு மேல் ஏறவிடாமல் கையால் கிள்ளிப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிட நடை.

அண்ணன் ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்து, கண்ணாடி வில்லையால் மூடி, முதலில் பத்தாம் லென்ஸ், பிறகு நாற்பதாம் லென்ஸ் போட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளைச் சளி நடுவே, எள்ளை நூறாக உடைத்தது போல மிகச் சின்னதாக, ஒளி ஊடுருவுகிற சொட்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. "மனுஷனுக்கு வர்ற ஜியார்டியா காய்ஞ்ச இலை விழற மாதிரி புரண்டு புரண்டு போகும். இது அம்பு மாதிரி நேரா போகுது பாரு. வேற ஆளு, ஆனா சொந்தக்காரன்தான்" என்றார். ஸ்பைரோநியூக்ளியஸ். பழைய மீன் புத்தகங்களில் ஹெக்ஸாமிட்டா என்று எழுதியிருப்பார்கள். ஆஸ்கர், டிஸ்கஸ், ஏஞ்சல் என்று சிக்லிட் குடும்பத்து மீன்களைப் பிடிக்கிற குடல் ஒட்டுண்ணி. காசு வாங்க மாட்டேன் என்றார். முதல் வாரமே அவரிடம் போயிருந்தால் உப்பும் நீலமும் தேவையே பட்டிருக்காது.

மருந்து மெட்ரோனிடசோல். மருந்துச் சீட்டு வேண்டும் என்பதால், நாய், பூனை பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் மீனின் வீடியோவையும், அண்ணன் மைக்ராஸ்கோப்பில் செல்போனை வைத்து எடுத்த வீடியோவையும் காட்டினேன். நாய்க்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு அவர் எழுதுகிற மருந்துதான் இது. பொறுமையாகக் கேட்டு, அளவைக் கணக்குப் போட்டு எழுதித் தந்தார். 400 மி.கி. மாத்திரை, பத்து உள்ள அட்டை இரண்டு, மொத்தமே முப்பது ரூபாய்க்குள்.

தண்ணீரில் போடும் அளவு லிட்டருக்கு சுமார் 6.6 மி.கி. இங்கே தொட்டியின் கொள்ளளவு சரியாகத் தெரிய வேண்டும். நாலு, ஒன்றரை, ஒன்றரை பெருக்கினால் 9 கன அடி, அதாவது 255 லிட்டர். ஆனால் அது வெளி அளவு, விளிம்பு வரைக்குமான கணக்கு. உள்பக்கம் டேப் வைத்து அளந்தேன்: நீளம் 121 செ.மீ., அகலம் 44.5, தண்ணீர் உயரம் 40. பெருக்கினால் 215 லிட்டர். மரக்கட்டை, கல் போக 210. மருந்து 1,400 மி.கி., மூன்றரை மாத்திரை. 255 என்று எடுத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கும்.

முதல் நாள் மாத்திரைகளைக் கரண்டியால் நசுக்கித் தூளை நேராகத் தூவினேன். மேலே உள்ள பூச்சு செதில் செதிலாக மிதந்து கண்ணாடியில் ஒட்டியது. இந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு கிராம் கரைய நூறு மில்லியாவது வேண்டும். அடுத்த முறையிலிருந்து ஏலக்காய் இடிக்கிற சின்ன உரலில் மாவாக இடித்து, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, காட்டன் துணியில் வடிகட்டி ஊற்றினேன். துணியில் தங்கிய வெள்ளை, மாத்திரையில் மருந்தோடு சேர்க்கிற கரையாத பொடிதான். அந்த உரல் அதற்குப் பிறகு அடுக்களைக்குத் திரும்பவில்லை. தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம், கையில் உறை. ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது சதவீதத் தண்ணீரை மாற்றி முழு அளவு மருந்து. கழித்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றினேன், செடிக்கும் இல்லை, மழைநீர் வடிகாலுக்கும் இல்லை.

மூன்று தவணை முடிந்தது. ஒரு முன்னேற்றமும் இல்லை. அதே நூல், அதே படுக்கை. மனசு விட்டுப்போனது. நாலாவது தவணை போட வேண்டிய நாள் ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று திறந்தேன். மூன்றாவது தட்டில் கரிப்பை. நீலத்தை உறிஞ்ச வைத்த கரி, நான் ஊற்றிய ஒவ்வொரு தவணை மருந்தையும் ஒரு வாரமாக உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. பத்தரை மாத்திரை அந்தப் பைக்குள் போயிருந்தது. அட்டையில் மீதி ஒன்பதரை. வெறும் முப்பது ரூபாய் மருந்து, அது போனால் போகட்டும். ஆனால் அந்த ஒரு வாரம் குண்டனுக்கு இன்னொரு வாரப் பட்டினி. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து ஃபில்டர் மேல் ஒரு டேப் ஒட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தேதியோடு எழுதிவைக்கிறேன்.

கரியை எடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லி இன்னும் ஒரு அட்டை வாங்கி, முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது தவணை அன்று மாலை, மாமியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கழுவி வைத்திருந்த மண்புழு ஒன்றைச் சாமணத்தில் பிடித்துத் தண்ணீரில் ஆட்டினேன். படுத்திருந்தவன் ஒரு கண்ணை மட்டும் உருட்டினான். எழுந்தான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். பிறகு டப்பென்று சத்தம் கேட்கிற மாதிரி உறிஞ்சினான். முப்பத்திரண்டாம் நாள். மகள் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி என்னவென்று கேட்டார்.

சாப்பிட ஆரம்பித்ததும் மருந்தைச் சாப்பாட்டுக்குள் வைப்பதுதான் சரி. ஒட்டுண்ணி குடலில் இருக்கிறது, மருந்தும் அங்கேயே போக வேண்டும். கணக்கு எளிது: ஒரு கிராம் தீனிக்கு 10 மி.கி., அதாவது நாற்பது கிராமுக்கு ஒரு மாத்திரை. நான் செய்தது எண்பது கிராம்: தோல் நீக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த இறால் 48 கிராம், வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி 8 கிராம், பூண்டு இரண்டு பல், கடல்பாசி ஒன்றரை கிராம், கடல்பாசி காய்ச்ச 20 மில்லி தண்ணீர். மாத்திரை இரண்டு. ஃபலூடாவுக்கு வாங்குகிற அதே சைனா கிராஸ்தான் கடல்பாசி. எடைக்கு நகைத் தராசு ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கினேன். அடுக்களைத் தராசு ஒன்றரை கிராமை எல்லாம் காட்டாது.

முதல் முறை கிண்டியது பாழ். கடல்பாசி கரைந்து கொதிக்கும்போதே மருந்துத் தூளைக் கொட்டி, பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இறால் விழுதைச் சேர்த்தேன். ஜில்லென்ற விழுது பட்ட இடமெல்லாம் கடல்பாசி அப்போதே உறைந்து கட்டி கட்டியாகிவிட்டது. ஒரு கட்டியில் மருந்து அதிகம், ஒன்றில் இல்லவே இல்லை. அப்படியே குப்பையில் போட்டேன். இரண்டாவது முறை விழுதை முதலிலேயே வெளியில் எடுத்துவைத்து, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, விழுதிலேயே மருந்தை நன்றாகப் பிசைந்தேன். கடல்பாசியை அடுப்பிலிருந்து இறக்கி, பாத்திரத்தைத் தொட்டால் சுடுகிறது ஆனால் கை வைக்க முடிகிறது என்கிற பதத்துக்கு வந்ததும் ஊற்றி, இருபது எண்ணுவதற்குள் கலந்தேன். நாற்பது டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகிவிடும், நமக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். ஜிப் கவரில் விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி, கத்தியின் மொட்டைப் பக்கத்தால் கோடு கிழித்து ஃப்ரீசரில் வைத்தேன். கவர் மேல் பெரிய எழுத்தில் "மீன் மருந்து, தொடாதே" என்று எழுதி, தனி டப்பாவுக்குள்.

மருந்து கடும் கசப்பு. விரல் நுனியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன், அரை மணி நேரம் போகவில்லை. அதற்குத்தான் பூண்டு. முதல் துண்டை வாயில் வாங்கித் துப்பி, மறுபடி வாங்கி, முழுங்கினான். தினம் நாலு கிராம், ஐந்து நாள். ஒரு வாரம் இடைவெளி. மறுபடி ஐந்து நாள். தின்னாமல் விட்ட துண்டுகளை வலையால் உடனே எடுத்துவிட்டேன். இரண்டாவது சுற்றின் மூன்றாம் நாள் மலம் பழுப்பாக, குட்டையாக, கனமாகக் கீழே விழுந்தது. லேப் அண்ணனிடம் ஒரு மாதிரி எடுத்துப் போனேன். நாலு ஸ்லைடு பார்த்து, "ஒண்ணுகூட இல்ல" என்றார். அது மே முதல் வாரம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பசி வந்தது, நிறம் வந்தது, மூலைக்கு வந்து நின்றான். ஆனால் குழி மூடவில்லை.

குழியை அளக்க முதலில் கண்ணாடி மேல் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். மீன் நெருங்கி வந்தால் ஓர் அளவு, தள்ளி நின்றால் வேறோர் அளவு. பிறகு அவன் கண்ணையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரே படத்தில் கண்ணும் குழியும் இருந்தால் போதும். மார்ச் கடைசியில் குழி கண்ணின் விட்டத்தில் பாதி. மே கடைசியில் பாதியைத் தாண்டியிருந்தது. ஒட்டுண்ணி போன பிறகும் குழி வளர்கிறது.

மீன் கழிவு சிதைந்து கடைசியில் தண்ணீரில் சேர்கிற நைட்ரேட் கூடினாலும் இப்படிக் குழி விழலாம் என்று சொல்வார்கள். ஆனால் என் தொட்டியில் நைட்ரேட் எப்போதும் 10 பிபிஎம்தானே? மாதம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். அன்று மகளை நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி பரிசோதித்தேன். அவள் கிட்டில் இருந்த தாளை எடுத்துப் படித்தாள். "அப்பா, ரெண்டாவது பாட்டில முப்பது செகண்ட் வேகமா குலுக்கணும்னு போட்டிருக்கு. நீங்க குலுக்கவே இல்லையே." நான் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொட்டுவதே வழக்கம். அந்த பாட்டிலில் உள்ள பொடி அடியில் படிந்து இறுகிவிடும். குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் வரும், வண்ணம் ஏறாது. பாட்டிலை மேஜை விளிம்பில் தட்டி, முழுதாக ஒரு நிமிடம் குலுக்கிப் போட்டோம். டியூபையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தோம். மாதுளம் பழச்சாறு மாதிரி சிவப்பு. அட்டையில் அது 160. ஒரு வருடமாக நோட்டில் எழுதிய பத்து, பத்து, பத்து எல்லாமே பொய்யாகிவிட்டது.

வாரம் அறுபது லிட்டர் மாற்றுகிறேனே, எப்படி ஏறியது? ஐந்து டியூபை வரிசையாக வைத்தோம். கேன் தண்ணீர், கீழே குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் விடுவது), போர் தண்ணீர், ஆர்.ஓ. மெஷினின் நல்ல தண்ணீர், ஆர்.ஓ. கழிவு பிடிக்கிற பக்கெட். முதல் இரண்டும் நாலாவதும் ஏறக்குறைய மஞ்சள், 5 அல்லது அதற்கும் கீழே. போர் 40. பக்கெட் 40-க்கும் 80-க்கும் நடுவே. குடிக்கிற தண்ணீரில் 45-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

எங்கள் வீட்டில் தொட்டிக்குப் போனது அந்த பக்கெட் தண்ணீர்தான். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டபோது சென்னையில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாட்டில், ஆர்.ஓ. கழிவை ஒரு சொட்டு விடாமல் பிடித்துவைக்கிற பழக்கம் வீட்டில் வந்தது. வீடு துடைக்க, பாத்திரம் அலச, பிறகு மீன் தொட்டி வந்ததும் அதற்கும். பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், குளோரின் வாடை இருக்காது, மீனுக்கு நல்லதென்றே நினைத்தோம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் வாங்கி விட்டுப் பார்த்தேன், 250 ரூபாய். மெட்ரோ 350, போர் 900, கழிவு பக்கெட் 1,270, தொட்டி 1,640. ஆவியாகிக் குறைந்ததையும் அதே பக்கெட்டால்தான் நிரப்பினேன், உப்பு மட்டும் உள்ளே தங்கித் தங்கி ஏறியிருக்கிறது. மார்ச்சில் போட்ட கல்லுப்பின் மிச்சமும் அதில் இருக்கும். அம்மா டியூபுகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மனுஷனுக்கு ஆகாதுன்னு அந்த மெஷின் ஒதுக்கித் தள்ளுன தண்ணியையாடா அதுக்கு ஊத்தியிருக்கோம்" என்றார். அதற்குப் பிறகு அன்று ஹாலில் யாரும் பேசவில்லை.

மொத்தமாக மாற்றிவிட ஆசை வந்தது. மாற்றக் கூடாது. 1,640-ல் பழகிய உடம்பு ஒரே நாளில் 350-க்கு வந்தால் தாங்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு, நாற்பது லிட்டர், இரண்டு தண்ணீர்க் கேன். கீழே மெட்ரோ குழாயில் பிடித்து மாடி ஏற்றி, ஒரு இரவு காற்றுக் குமிழி விடுகிற ஏர் கல் போட்டு வைத்து, குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட் கரைசல் கலந்தேன். கொளத்தூரில் நூறு கிராம் படிகம் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரண்டு வருடத்துக்கு வரும். இருபது நாளில் பத்து முறை மாற்றினேன். டிடிஎஸ் 510-க்கு வந்தது. நைட்ரேட் 20-க்கும் 40-க்கும் இடையே. ஜூன் கடைசி.

சாப்பாட்டையும் பார்த்தேன். ஒரு கிலோ டப்பா மலிவு என்று வாங்கியது, திறந்து பதினாலு மாதம். அவ்வளவு நாளில் அதில் இருந்த வைட்டமின் நிறையக் குறைந்திருக்கும். இப்போது நூறு கிராம் பாக்கெட், திறந்த தேதி எழுதி ஃப்ரிட்ஜில். வாரம் இரண்டு நாள் இறாலும் பட்டாணியும் சேர்த்த கடல்பாசித் துண்டு, மருந்து இல்லாமல். வாரம் ஒரு நாள் மண்புழு.

ஜூலை நடுவில் குழியின் விளிம்பு வெள்ளையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. அடி மேலே எழுந்து வருவது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் கண்ணில் மூன்றில் ஒரு பங்கு. நெற்றியில் இருந்த ஊசிப் புள்ளிகளில் இரண்டு காணாமல் போயின. ஆகஸ்ட் கடைசியில் ஒரு பள்ளம் மட்டும். கரியை எடுத்த பிறகு மருந்து தன் வேலையை மூன்று வாரத்தில் முடித்தது, தோல் மூட மூன்று மாதம் பிடித்தது. இந்த மூன்று மாதத்தில் தொட்டியில் எந்த மருந்தும் விழவில்லை.

இன்னொரு முறை இப்படி வந்தால் மூன்றாம் நாளே மலத்தை லேபுக்குக் கொண்டுபோவேன், தண்ணீரை எடுக்கிற இடத்திலேயே சோதிப்பேன். மருத்துவத்துக்கென்று நூறு லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன், 850 ரூபாய். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே ஓடவிட்டிருக்கிறேன், தேவைப்பட்ட அன்று நுண்ணுயிரோடு தயாராக இருக்கும். நீல மருந்து பாட்டிலில் முக்கால் பாகம் மிச்சம் இருக்கிறது, அதைத் திறக்கிற எண்ணம் இல்லை. மொத்தச் செலவை நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: டப்பும் ஃபில்டரும் சேர்த்து 2,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இதில் அவனைக் குணமாக்கிய மாத்திரையின் பங்கு மூன்று அட்டைக்கு நாற்பத்தைந்து ரூபாய்கூட இல்லை.

இடது பக்கம், மூக்குத் துளைக்கு மேலே ஒரு புள்ளி இன்னும் மூடவில்லை. ஞாயிறுதோறும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. கேன் தூக்கி முழங்கால் வலிக்கிறது. மெட்ரோ தண்ணீர் ஒருநாள் வராவிட்டால் கணக்கும் தவறுகிறது. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் ஏற்கெனவே இருக்கிறது, 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது போட்டது. அதன் நடுவில் ஒரு வால்வு போட்டு, 150 லிட்டர் டிரம்முக்குத் திருப்ப பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் மழையையும், அடுத்தடுத்த மழையில் முதல் கால் மணி நேரத்தையும் வெளியே விட்டுவிட வேண்டும், மாடியில் புறா எச்சம் அதிகம். வெறும் மழைநீரில் உப்பே இருக்காது என்பதால் பாதிக்குப் பாதி மெட்ரோவோடு கலப்பேன். டிரம் வந்துவிட்டது. வால்வு இந்த வாரம். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.